கொக்கு வராத குளங்கள்

வேனிலிருந்து இறங்கியதும் ரேடியோ மூக்கைச் சுருக்கினான்.

"பணவாசனை அடிக்கும்னு சொன்னாங்க. இது ஊறப்போட்ட சாக்கு மாதிரியில்ல அடிக்குது, மேடம்."

"மேடம் இல்ல, அத்தை" என்றார் வக்கீலம்மா, உதடு அசையாமல். "நீ என் அண்ணன் பையன். பங்கு வாங்கறதுக்கு முன்னாடி இறால் பண்ணையைப் பார்க்க வந்திருக்கோம். வாயைக் கொஞ்சம் மூடிக்கிட்டு வா."

உலகத்தில் ரேடியோவால் ஆகாத காரியம் அது ஒன்றுதான். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயரை அவன் வாய் பள்ளிக்கூடத்திலேயே தின்று தீர்த்துவிட்டது. அணைக்கத் தெரியாத ரேடியோ என்று வாத்தியார் சொன்னது நிலைத்துவிட்டது. அவனுக்குச் சம்பளம் கொடுப்பவர் அதற்கு நேர் எதிர். கோர்ட்டில் பேசிப் பேசி அலுத்து, கறுப்புக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்தவர். கோட்டு போய்விட்டாலும் வக்கீலம்மா என்ற பெயர் போகவில்லை.

கண்ணுக்கு எட்டிய வரை சதுரம் சதுரமாகக் குளங்கள். ஒவ்வொன்றிலும் தண்ணீருக்குக் காற்றூட்டும் ஏரேட்டர் சக்கரங்கள் நுரை கக்கிச் சுழன்றன. கரையில் நின்று பெண்கள் கூடையிலிருந்து தீனியை அள்ளி வீசினார்கள். வேனில் வந்த பங்குதாரர்கள் திருமண வீட்டுக்கு வந்தவர்கள் போல முகம் மலர்ந்து நின்றார்கள்.

"எல்லாம் உங்க சொத்து!" என்றார் அழைத்து வந்த மக்கள் தொடர்பு அதிகாரி. பிறக்கும்போதே சிரித்துக்கொண்டு பிறந்திருப்பாரோ என்று தோன்றும் முகம். "நாளைக்குப் பொதுக்கூட்டம். போன வருஷம் கொடுத்த டிவிடெண்டை விட இந்த வருஷம் ரெண்டு மடங்கு. சேர்மன் சொல்லச் சொன்னார்."

கைதட்டல் குளத்துத் தண்ணீரில் பட்டு எதிரொலித்தது. ரேடியோவும் தட்டினான். தட்டாமல் நின்றவர் வக்கீலம்மா மட்டும்தான். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் வந்தது டிவிடெண்டுக்காக அல்ல. முந்தாநாள் அலுவலகத்துக்கு ஒரு பெரியவர் வந்தார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அவருடைய மாப்பிள்ளை இந்தப் பண்ணையில் டெக்னீஷியன். குளத்துத் தண்ணீரையும் இறாலின் உடல்நிலையையும் கவனிப்பது அவன் வேலை. ஒரு வாரமாக ஆளைக் காணோம், போன் அணைந்து கிடக்கிறது, கம்பெனியைக் கேட்டால் 'லீவு' என்கிறார்கள், மகளோ நிறைமாதக் கர்ப்பிணி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முன்பணத்தை எண்ணியபோது நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகிக்கொண்டார். வேலையை விட்டுப் பல வருஷமாகியும் விரல் வேலையை விடவில்லை. வக்கீலம்மா உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவருக்குப் பேச்சுத்துணையாக இருந்தவன் ரேடியோ.

"அத்தை, மேல என்ன தெரியுது? மழை வருமா?"

"ஒண்ணும் தெரியல. அதான் பார்க்கறேன்."

ரேடியோ அண்ணாந்தான். பறவைகள் வந்து கொத்தாமலிருக்கக் குளங்களுக்கு மேலே நூல் கட்டியிருந்தார்கள். நூல் பல இடங்களில் அறுந்து தொங்கியது. யாரும் மறுபடி கட்டவில்லை. வானம் துடைத்துவிட்ட பலகை மாதிரி இருந்தது.

"இப்ப வேலிக்கு அந்தப் பக்கம் பாரு."

வேலிக்கு வெளியே ஒரு சாக்கடை. அதில் கொக்குகள் காலை ஊன்றி நெருக்கமாக நின்றன. ரேஷன் கடை வரிசை போல ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன.

"விருந்து இந்தப் பக்கம் நடக்குது, அதுங்க சாக்கடையில நிக்குதே! கொக்குக்கு அவ்வளவு ரோஷமா?"

"கொக்குக்கு ரோஷம் கிடையாது. வயிறு உண்டு" என்ற வக்கீலம்மா சட்டென்று நெற்றியைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினார். "அய்யோ, தலை சுத்துதே..."

விழாமலிருக்க அவர் பற்றிக்கொண்டது கரையோரத்துக் கம்பத்தை. கம்பத்தில் ஒரு கயிறு. கயிற்றைப் பிடித்தபடியே அவர் சரிந்து உட்கார, குளத்துக்குள்ளிருந்து ஒரு வலைத்தட்டு தண்ணீர் சொட்டச் சொட்ட மேலே வந்தது. இறால் சாப்பிடுகிறதா என்று பார்ப்பதற்காக ஒவ்வொரு குளத்திலும் தொங்கவிடும் தட்டு. அதில் தீனி பொதபொதவென்று ஊறிக் குவிந்து கிடந்தது. நாள்கணக்கில் யாரும் தொடாத சோறு மாதிரி. ஒரு மீசை, ஒரு கால், ஒரு ஓடு கூட இல்லை.

சிரிப்பு அதிகாரி ஓடி வந்து கயிற்றைப் பிடுங்கித் தட்டைத் தண்ணீருக்குள் விட்டார். "இறாலுக்கு இது தூங்கற நேரம்மா. தொந்தரவு பண்ணக் கூடாது."

"தூங்கற பிள்ளைக்கு எதுக்கு சார் சோறு போடறீங்க?" என்று கேட்டான் ரேடியோ. அதிகாரி சிரித்தார்.

'அத்தை'க்குத் தண்ணீர் கேட்டு இருவரும் கருவிக் கொட்டகைக்குப் போனார்கள். தீனி வீசும் பெண் ஒருத்தி குவளையை நீட்டினாள். அந்த டெக்னீஷியன் நல்ல மனுஷன் என்றாள். போன வாரம் வரை வந்தார், பிறகு வரவில்லை என்றாள். குளத்தில் இறால் இருக்கிறதா என்றதற்கு, "கொடுக்கறாங்க, வீசறோம். கேட்டா வேலை போயிடும்" என்று நகர்ந்துவிட்டாள்.

சுவரோரம் ரப்பர் பூட்ஸ்கள் வரிசையாக இருந்தன. எல்லாம் சேறும் சகதியுமாகத் தரையில் கிடந்தன. ஒரு ஜோடி மட்டும் பளிச்சென்று கழுவித் தலைகீழாக ஆணியில் தொங்கியது. உள்பக்கம் 'டெக்னீஷியன்' என்று பெயிண்டில் எழுதியிருந்தது.

"கடத்திட்டுப் போறவங்க பூட்ஸைக் கழுவறதுக்கு டைம் கொடுப்பாங்களா?" என்றார் வக்கீலம்மா.

"நல்ல கடத்தல்காரங்களா இருந்தா சோப்பும் கொடுப்பாங்க."

"விளையாடாதே. இது இனிமே திரும்பி வரப் போறதில்லைன்னு முடிவு பண்ணினவன் செய்யற வேலை. அவனை யாரும் தூக்கல. அவனாப் போயிருக்கான்."

வேனுக்குத் திரும்பும் வழியில் இன்னொன்றையும் கவனித்தார். பண்ணையின் எல்லைக்கற்களுக்குப் புதிதாக வெள்ளையடித்து எண் போட்டிருந்தார்கள். வண்ணம் விரலில் ஒட்டியது. எதற்கு என்று ரேடியோ கேட்டான். "அழகுக்கு!" என்றார் சிரிப்பு அதிகாரி.

*

அலுவலகத்தின் பழைய காரை ரேடியோ ஓட்டினான். நகரத்துக்குள் நுழைந்ததும் வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"நகையை எப்படா எடை போடுவாங்க?"

"விக்கும்போது. இல்லாட்டி அடகு வைக்கும்போது."

"நிலத்தையும் அப்படித்தான். கல்லுக்கு எண் போட்டது அழகுக்கு இல்ல. வங்கிக்காரங்க அளந்து பார்க்க. குளத்துல இறால் இல்ல. நோயில செத்திருக்கணும். விளைச்சல் இல்லாத கம்பெனி ரெண்டு மடங்கு டிவிடெண்ட் கொடுக்குதுன்னா, அது லாபம் இல்ல. கடன். குளங்களை அடகு வச்சு வாங்கப் போற கடன்."

"கடன் வாங்கி நமக்குக் கொடுப்பாங்களா? அவ்வளவு நல்லவங்களா?"

"பங்குல பெரும்பங்கு யார்கிட்ட? சேர்மன், அவர் மனைவி, தம்பி, மச்சான். டிவிடெண்டா கொடுக்கற பணத்துல முக்கால்வாசி அந்த வீட்டுக்கே திரும்பிப் போகுது. மிச்சம் கால்வாசி உன்னை மாதிரி ஆளுங்களைக் கைதட்ட வைக்க. நாலு மாசம் கழிச்சு கம்பெனி கையை விரிக்கும். வங்கி குளத்தை எடுத்துக்கும். பங்குக் காகிதத்துல பட்டாணி மடிக்கலாம். திருட்டு சாவி போட்டு நடக்கல, ரேடியோ. திருட்டுக் கொடுக்கறவங்களே ஓட்டுப் போட்டுக் கதவைத் திறந்து விடறாங்க."

ரேடியோவுக்குச் சொல்ல ஒரு வேடிக்கை தயாராக இருந்தது. வாய் வரை வந்தது. அப்போது போன் அடித்தது. திரையில் 'அக்கா'.

அக்கா தனியாக ஒரு அழகு நிலையம் நடத்துகிறாள். கணவன் விட்டுவிட்டுப் போன வருஷத்திலிருந்து மற்றவர்கள் புருவத்தைத் திருத்தி, மற்றவர்கள் தலைமுடியைக் கழுவி, வாடகைக் கடையைச் சொந்தமாக்கச் சேர்த்துக்கொண்டிருப்பவள்.

"டேய், ஒரு சந்தோஷமான விஷயம்!" ஸ்பீக்கரில் அவள் குரல் துள்ளியது. "அந்த இறால் கம்பெனி பங்கு கிடைச்சிடுச்சு. இன்னிக்குக் காலையில கம்பெனி ஆபீஸ்லயே போய் என் பேருக்கு மாத்தியாச்சு. நாளைக்குக் கூட்டத்துக்கு நானும் பங்குதாரர்!"

கார் ஒரு கணம் கோணிப் போய் நேரானது.

"எவ்வளவுக்கு வாங்கின?"

"கடைக்குன்னு வச்சிருந்தது எல்லாம்."

"யார்கிட்டக்கா?"

"ஒரு பெரியவர். பங்கு வேணும்னு யாரோ சொன்னாங்கன்னு கடையைத் தேடிக்கிட்டு வந்தார். பொண்ணுக்குப் பிரசவச் செலவாம், பாவம், அதான் விக்கறேன்னார். பணத்தை எண்ணும்போது பார்த்திருக்கணுமே! நோட்டை நீளமா மடிச்சு விரலிடுக்குல செருகிக்கிட்டு நிக்கறார். 'எங்க இறங்கணும்?'னு கேட்டு டிக்கெட் கிழிச்சிடுவாரோன்னு சிரிப்பு வந்துடுச்சு எனக்கு."

ரேடியோ காரை ஓரமாக நிறுத்தினான். அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் தன் அக்காவையும் சேர்த்துக் கெடுத்திருந்தது. முந்தாநாள் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து, அந்தப் பெரியவரிடம் அவன் அளந்தது வரிக்கு வரி காதில் ஒலித்தது. "அந்தக் கம்பெனியா? எங்கக்கா அந்தப் பங்குக்கு ஆலாப் பறக்குது சார். மார்க்கெட்டுக்குப் பின்னாடி பார்லர் வச்சிருக்கே, அதேதான்."

"நான்தான் மேடம் சொன்னேன்" என்றான். அவன் குரல் அவனுக்கே அடையாளம் தெரியவில்லை.

வக்கீலம்மா அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவசர அவசரமாப் பங்கை விக்கறார்னா, குளம் காலின்னு அவருக்குத் தெரியும்" என்றார். "அவருக்கு யார் சொல்லியிருப்பா?"

"மாப்பிள்ளை."

"காணாமப் போன மாப்பிள்ளை. வண்டியை அவர் வீட்டுக்கு விடு."

*

கண்டக்டர் கதவைத் திறந்தார். பனியன், தோளில் துண்டு. பின்னால் கூடத்தில் வயிறு நிறைந்த மகள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வக்கீலம்மா வாசலிலேயே சொன்னார். "ஐயா, உங்க மாப்பிள்ளையைக் கண்டுபிடிச்சிட்டோம்."

கண்டக்டரின் கண் ஒரு நொடி உள்ளறைக் கதவுக்கு ஓடித் திரும்பியது. ஒரே நொடிதான்.

"மத்தவங்களா இருந்தா 'எங்கே?'ன்னு கேட்டிருப்பாங்க" என்றார் வக்கீலம்மா. "இல்ல, 'உயிரோட இருக்கானா?'ன்னு கேட்டிருப்பாங்க. நீங்க கதவைப் பார்த்தீங்க. வரச் சொல்லுங்க அவரை. உள்ள புழுக்கமா இருக்கும்."

கதவு தானாகத் திறந்தது. ஒரு வாரத் தாடியோடு ஓர் இளைஞன் வெளியே வந்தான். நீரில் நாள்பட நின்றதால் வெளுத்துப்போன அவன் கால்விரல்களை ரேடியோ பார்த்தான். இவனிடமா கோபப்படுவது என்று ஒரு கணம் தோன்றியது.

"உங்களை வச்சுத் தேடச் சொல்லி மாமாகிட்ட சொன்னது நான்தான்" என்றான் டெக்னீஷியன். "துப்பறியறவங்க தேடறாங்கன்னு தெரிஞ்சா, நான் நிஜமாவே ஓடிட்டேன்னு கம்பெனி நம்பும். வீட்டுப் பக்கம் ஆள் அனுப்ப மாட்டாங்க."

"கையெழுத்து கேட்டாங்களா?"

அவன் தலையசைத்தான். போன விளைச்சலிலேயே இறால் உடம்பில் வெள்ளைப் புள்ளி விழுந்து குளம் குளமாகச் செத்துப் போனது. வெளியே தெரிந்தால் கம்பெனி படுத்துவிடும், அடுத்த விளைச்சலில் சரிக்கட்டிவிடலாம் என்று சேர்மன் கெஞ்சினார். நல்ல விளைச்சல் என்று அவன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அடுத்து விட்ட குஞ்சும் செத்தது. இப்போது வங்கிக்காகக் குளங்கள் நிறைந்திருப்பதாக ஒரு சான்று கேட்டார்கள். ஒரு பொய்க்கு இன்னொரு பொய்யை முட்டுக்கொடுக்க முடியாமல் பூட்ஸைக் கழுவி மாட்டிவிட்டு வந்துவிட்டான். "அந்தச் சான்றை வேற யாரோ போட்டுக் கொடுத்துட்டாங்க. நாளைக்குக் கூட்டத்துல டிவிடெண்டுக்கு ஒப்புதல் ஆனதும் கடன் பணம் வந்திடும்."

"அதுக்குள்ள நீங்க பங்கை வித்தாச்சு" என்று கண்டக்டரைப் பார்த்தான் ரேடியோ. "வாங்கினது யாருன்னு தெரியுமா? எங்கக்கா."

"தெரியும் தம்பி" என்றார் அவர். மறைக்கவில்லை. "வேற எங்க போவேன் நான்? மாப்பிள்ளை வேலை செய்யற இடமாச்சேன்னு ரிட்டயர்மெண்ட் பணம் மொத்தத்தையும் போட்டேன். இவன் நாளைக்கு ஜெயிலுக்குப் போனா இவளை யார் பார்ப்பா? எரியற வீட்டுல கையில கிடைச்சதை எடுத்துக்கிட்டு ஓடறதுதானே?"

"நீங்க எடுத்துக்கிட்டு ஓடல. எரியற வீட்டை எங்கக்காவுக்கு வித்துட்டு ஓடறீங்க."

கண்டக்டர் உள்ளே போய் ஒரு துணிப்பையோடு வந்தார். ரேடியோவின் கையில் திணித்தார். "அப்படியே இருக்கு. எடுத்துக்கிட்டுப் போங்க. பங்கை நானே திரும்ப எழுதி வாங்கிக்கறேன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இவனை நீங்க பார்க்கல. கூட்டம் முடியற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க. எனக்கு டிவிடெண்டாவது கிடைக்கும்."

பை கனத்தது. அக்காவின் எத்தனையோ வருஷம் அதற்குள் இருந்தது. பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அவன் வக்கீலம்மாவைப் பார்த்தான். அவர் சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மேடம் பண்றது?"

"பணம் உங்கக்காது. அவங்களைக் கேளு."

ரேடியோ அக்காவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டான். எதையும் குறைக்காமல் சொன்னான். தன் வாயால் வந்ததையும் சேர்த்துச் சொன்னான். மறுபக்கத்தில் ஹேர் டிரையர் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றது.

"நாளைக்கு யாராவது எழுந்து கேட்டா நிறுத்த முடியுமா?" என்றாள் அக்கா.

"டெக்னீஷியன் சொல்லணும்" என்றார் வக்கீலம்மா. "ஆனா அவர் பங்குதாரர் இல்ல. அவரா பேச விட மாட்டாங்க. ஒரு பங்குதாரர் எழுந்து, இவரைப் பதில் சொல்லச் சொல்லுங்கன்னு கேக்கணும்."

"ஒரே ஒரு பங்கு இருந்தாலும் கேக்கலாமா?"

"கேக்கலாம்."

"அப்போ ஒண்ணை வச்சுக்கறேன். மிச்சத்துக்குப் பணத்தைத் திருப்பி வாங்கிட்டு வாடா. நான் மகான் ஒண்ணும் இல்ல. ஆனா அந்தப் பெரியவர் நிபந்தனை போட இது அவர் பணம் இல்ல. பொய் சொல்லி வாங்கின பணத்தைத் திருப்பிக் கொடுக்க நிபந்தனை எதுக்கு?"

கண்டக்டர் வாயைத் திறந்தார். அதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "கொடுத்துடுங்கப்பா."

டெக்னீஷியன் தரையைப் பார்த்தபடி, "நான் கூட்டத்துக்கு வந்தா உள்ள போயிடுவேன்" என்றான்.

"போக வேண்டி வரும்" என்றார் வக்கீலம்மா. "பொய் சொல்லி உங்களைக் கூட்டிட்டுப் போக மாட்டேன். தானா வந்து சொன்னவருக்கும் பிடிபட்டவருக்கும் வித்தியாசம் உண்டு. அதுக்கு மேல என்னால உறுதி கொடுக்க முடியாது."

அவன் மனைவி மெதுவாக நடந்து போய்க் கொடியிலிருந்த சட்டையை எடுத்தாள். "இங்க மட்டும் என்னங்க? இங்கயும் உள்ளதானே இருக்கீங்க?" என்று அவன் கையில் கொடுத்தாள்.

*

மறுநாள் காலை மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடையில் சேர்மன், மனைவி, தம்பி, மச்சான். குடும்பப் படம் எடுக்க வந்தவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். கீழே இரண்டாவது வரிசையில் ரோஜா மாலையும் கோட்டுமாக ஒரு விருந்தினர். சிரிப்பு அதிகாரி ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார். இரண்டு மடங்கு டிவிடெண்ட் என்று தீர்மானத்தைப் படித்ததும் கூரை அதிர்ந்தது.

அக்கா எழுந்தாள். நல்ல புடவை உடுத்தி வந்திருந்தாள். பின்வரிசையில் நின்ற ரேடியோவை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்.

"நான் ஒரு பங்கு வச்சிருக்கறவ" என்றாள். மண்டபத்தில் சிரிப்பு. "குளத்துல இறால் இருக்கான்னு எனக்குத் தெரியணும். உங்க டெக்னீஷியன் வெளிய நிக்கறார். அவரையே பதில் சொல்லச் சொல்லுங்க."

சேர்மனின் முகத்தில் ரத்தம் வற்றியது. "அந்த ஆள் லீவுல இருக்கார். இது ஒழுங்கில்லாத கேள்வி..." அதற்குள் டெக்னீஷியன் நடைபாதையில் வந்துவிட்டான். ஒலிபெருக்கி கொடுக்கவில்லை. தொண்டையாலேயே சொன்னான். இறால் செத்ததைச் சொன்னான். காலிக் குளத்தில் சக்கரம் ஓட்டியதைச் சொன்னான். தான் போட்ட பொய்க் கையெழுத்தையும் சொன்னான்.

உண்மை வென்றுவிட்டது என்று ரேடியோ நினைத்தான்.

"அதெல்லாம் இருக்கட்டும். டிவிடெண்ட் வருமா வராதா?" என்று ஒரு குரல் கேட்டது.

"அறிவிச்சதைக் கொடுக்கச் சொல்லுங்க!"

"கெடுக்கறதுக்குன்னே ஆளைக் கூட்டிட்டு வந்திருக்கா. உட்காரும்மா!"

நாற்காலிகள் உருண்டன. அக்காவைச் சுற்றிக் கைகள் நீண்டன. ரேடியோ கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அவளுக்கு முன்னால் நின்றான். சேர்மனுக்கு உயிர் திரும்பியது. "தீர்மானத்துக்கு ஆதரவா இருக்கறவங்க கையைத் தூக்குங்க" என்றார். மண்டபம் முழுக்கக் கைகள் எழுந்தன. தங்கள் வீட்டுக் கதவைத் தாங்களே திறந்துவிடும் கைகள். மேடையில் நான்கு கைகள் எல்லாவற்றையும் விட உயரமாக நின்றன.

தீர்மானம் நிறைவேறியது.

"தோத்துட்டோம் மேடம்" என்றான் ரேடியோ, பக்கத்தில் வந்த வக்கீலம்மாவிடம். "மேடையில இருக்கறவங்க பங்கே போதும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியாதா? எதுக்கு எங்கக்காவை இந்தப் பாடு படுத்தினீங்க?"

"ரெண்டாவது வரிசையைப் பாரு."

ரோஜா மாலை போட்டு உட்கார வைத்திருந்த விருந்தினர் நாற்காலி காலியாக இருந்தது. மாலை மட்டும் நாற்காலியில் கிடந்தது. கதவுக்கு வெளியே கோட்டு போட்ட ஒரு மனிதர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று போனில் வேகமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"பங்குதாரர்கள் எவ்வளவு சந்தோஷமா இருக்காங்கன்னு காட்டறதுக்காக வங்கி மேலாளரை அவங்களே கூப்பிட்டு உட்கார வச்சிருந்தாங்க" என்றார் வக்கீலம்மா. "உங்கக்கா கேள்வி கேட்டது மேடையை இல்ல. அவரை. நான் வங்கிக்கு ஓடியிருந்தா வாசல்லயே நிறுத்தியிருப்பாங்க. இங்க அவர் காதால கேட்டார், இத்தனை பேர் சாட்சி. கடன் வாங்கறவன் கையைத் தூக்கினா போதாது, ரேடியோ. கொடுக்கறவன் கையை நீட்டணும்."

மேடையில் சேர்மனின் மச்சானும் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துவிட்டார். குனிந்து சேர்மன் காதில் ஏதோ சொன்னார். சிரிப்பு அதிகாரி முதல் முறையாகச் சிரிக்க மறந்து நின்றார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. கூட்டம் மண்டபத்தை விட்டு வெளியேறுவதற்குள் கடன் நிறுத்தப்பட்டது என்ற செய்தி பரவியது. டெக்னீஷியன் தானாகவே வக்கீலம்மாவுடன் போலீஸ் நிலையத்துக்குக் கிளம்பினான். மனைவி காரில் அவன் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். கண்டக்டர் மண்டபப் படியில் துண்டை விரித்து உட்கார்ந்தார். அவர் கையில் திரும்பி வந்த பங்குகள். அதற்கு என்ன மதிப்பு என்று அவரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

வெளியே வந்தவர்கள் அக்காவைக் கடந்து போகும்போது ஆளுக்கு ஒன்று சொல்லிவிட்டுப் போனார்கள். "நல்லா இருப்பியாம்மா நீ?" "எங்க வாயில மண்ணைப் போட்டுட்டியே." அவள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு நேராகப் பார்த்தபடி நின்றாள். குளங்கள் அடகுக்குப் போகாமல் நின்றன, விற்றால் ஆளுக்குக் கொஞ்சமாவது தேறும் என்பதை எடுத்துச் சொல்லக் கேட்பாரில்லை.

ஒருவர் மட்டும் நகராமல் நின்றார். டிரைவர் சீருடை, கையில் சுருட்டிய கூட்ட அழைப்பிதழ். ரேடியோவின் எதிரே வந்தார். அடிப்பார் என்று நினைத்தான்.

"தம்பி, நீங்க பண்ணினது சரியா தப்பான்னு எனக்குத் தெரியல" என்றார் அவர். "சரியாத்தான் இருக்கும். ஆனா இன்னிக்குப் பணம் வருதுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். பையன் காலேஜுக்குக் கட்டணும். வீட்டுல போய் என்னன்னு சொல்றது? அதை மட்டும் சொல்லிக் கொடுத்துட்டுப் போங்க."

ரேடியோ வாயைத் திறந்தான். பிறந்ததிலிருந்து வற்றாத பேச்சு வற்றிப் போயிருந்தது. அக்கா அவன் முதுகில் கையை வைத்து மெல்லத் தள்ளினாள்.

"வீடு எந்தப் பக்கம்ணா?" என்று கேட்டான். "நடங்க. நான் கூட வர்றேன். அண்ணிகிட்ட நானே சொல்றேன்."

அவர் நம்பாதவர் போல அவனைப் பார்த்தார். பிறகு திரும்பி நடந்தார். ரேடியோ அவர் பக்கத்தில் நடந்தான்.